சட்டை உரிக்கும் புழுவும் வயது சொல்லும் ஜீன்களும்

கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கத்துப் பட்டுப்புழு வளர்ப்பு மனைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. புழு சட்டை உரிக்கும் நேரத்தில் இலை போடமாட்டார்கள். அப்போது அது தின்னாது. தலையைத் தூக்கியபடி அசைவற்றிருக்கும். பழைய தோல் கழன்றதும் பசியோடு மல்பெரி இலையை மேயத் தொடங்கும். இப்படி நான்கு முறை நடக்கிறது. நான்காம் முறை உரித்தபின் வரும் ஐந்தாம் பருவத்தின் முடிவில், அது தின்பதை நிறுத்திவிட்டுக் கூடு கட்ட ஆரம்பிக்கிறது. இன்னொரு முறை உரித்து இன்னும் பெரிய புழுவாக ஆவதில்லை.

எண்ணிக்கை அறியாத ஒரு பிராணியின் தோல், ‘இது மூன்றாவது சட்டை, இன்னும் ஒன்று பாக்கி’ என்றும், ‘இதுவே கடைசிச் சட்டை’ என்றும் எப்படி வேறுபாடு காண்கிறது? சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இக்கேள்வி, உயிரியலின் பெருங்கேள்வி ஒன்றின் சிறு வடிவமாகும். ஒரே செல்லாகத் தொடங்கிய கருவில் ஒரு செல் தோலாகவும் மற்றொன்று நரம்பாகவும் ஆவது எப்படி? தோலாகிவிட்ட செல், தன் வேலைகளை உரிய பருவத்தில் செய்வது எப்படி? முதற்கேள்வி, ‘நீ யார்?’ என்பது. இரண்டாவது, ‘உன் வயது என்ன?’ என்பது.

பூச்சிகளைப் பொறுத்தவரை விடையின் ஒரு பகுதி 1954-இல் கிடைத்தது. ஜெர்மானிய வேதியியலார் பூட்டெனான்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோன் என்னும் ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். சட்டையை உரிக்குமாறு பணிப்பது இந்த ஹார்மோன். ஆனால் அப்பணியைக் கேட்டு நடக்கும் செல்லுக்குள் வயதுக் கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இதற்கு முதல் தெளிவான விடை பட்டுப்புழுவிடமிருந்து வரவில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப்புழுவின் தோலிலிருந்து வந்தது. அந்த வரலாற்றையே இங்குக் காண்போம்.

உருளைப்புழு என்றதும் மண்புழுவை நினைத்துவிட வேண்டாம். மண்புழுவின் உடல் வளையங்களால் ஆனது; அது சட்டை உரிப்பதில்லை. உருளைப்புழுவின் உடலில் வளையக் கட்டுகள் கிடையா. நம் குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு, யானைக்கால் நோயைத் தரும் புழு, பயிர் வேர்களைத் தாக்கும் நூற்புழு ஆகியன எல்லாம் இவ்வினத்தவை. வாழுமிடம் எதுவானாலும் இவை நான்கு முறை சட்டை உரித்தே வளர்ச்சி பெறுகின்றன. 1997-இல் டி.என்.ஏ. ஒப்பீட்டின்படி, பூச்சிகளையும் உருளைப்புழுக்களையும் ‘சட்டை உரிப்பன’ என்ற ஒரே பெருங்குலத்தில் சேர்த்தனர். ஆகவே பட்டுப்புழுவில் தொடங்கி உருளைப்புழுவுக்குப் போவது அவ்வளவு தொலைவான பயணம் அன்று.

குதிரையின் குடற்புழு

உருளைப்புழு உயிரியலுக்குள் நுழைந்தது நேற்று இன்றல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் தியோடார் போவெரி, குதிரையின் குடலில் வாழும் பெரிய உருளைப்புழுவின் முட்டைகளை ஆராய்ந்து வந்தார். அதில் ஒரு வகைக்கு இரண்டே குரோமசோம்கள். நுண்ணோக்கியில் அவற்றைப் பின்தொடர்வது எளிது. 1887-இல் அவர் ஒரு விந்தையைக் கண்டார். கரு பிளந்து பெருகும்போது, உடலாகப் போகும் செல்களில் குரோமசோம்கள் துண்டாகி, அவற்றின் ஒரு பகுதி வெளியே எறியப்பட்டு அழிந்தது. அடுத்த தலைமுறைக்கான இனச்செல்லாகும் ஒரே வழியில் மட்டும் குரோமசோம் முழுமையாக நின்றது.

இது ஆகஸ்ட் வைஸ்மன் என்ற மற்றொரு ஜெர்மானிய அறிஞரின் கொள்கைக்கு நல்ல ஆதரவுபோல் தோன்றியது. 1892-இல் வெளியிட்ட நூலில் அவர், வளரும் கருவில் பரம்பரைப் பொருள் சொத்துப் பாகப்பிரிவினைபோல் பிரிக்கப்படுகிறது என்று கூறினார். தோல் செல்லுக்குத் தோலுக்குரிய பங்கு. தசைச் செல்லுக்குத் தசைக்குரிய பங்கு. மற்றவர் பங்கு கையில் இல்லாததனால்தான் தோல் தோலாக இருக்கிறது.

எளிய, அழகிய கொள்கை, ஆனால் தவறானது. அதைத் தளர்த்தியவர்களில் போவெரியும் ஒருவர் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. 1910-இல் அவர் முட்டைகளைச் சுழற்சிப் பொறியில் இட்டு உட்பொருள்களை இடம் மாற்றிப் பார்த்தார். எந்தச் செல் குரோமசோமை எறியும், எது காப்பாற்றும் என்பது, அச்செல்லுக்கு வந்து சேர்ந்த சைட்டோபிளாசத்தைப் பொறுத்தே அமைந்தது. அதாவது உட்கருவுக்கு வெளியேயிருந்து வரும் ஏதோ ஒரு பொருள் குரோமசோமின் நடத்தையை ஆளுகிறது.

பாகப்பிரிவினைக் கொள்கைக்கு இறுதி அடி தவளையால் வந்தது. இங்கிலாந்தின் ஜான் கர்டன் 1962-இல் தலைப்பிரட்டையின் குடற்செல்லிலிருந்து எடுத்த உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டையில் வைத்துத் தவளையை உண்டாக்கினார். 1975-இல் அவருடைய குழுவினர் முழு வளர்ச்சி பெற்ற தவளையின் காற்சவ்வுத் தோலிலிருந்து உட்கருவை எடுத்து, தலைப்பிரட்டைவரை வளரச் செய்தனர். தோல் செல் எதையும் இழக்கவில்லை. கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஜீன்கள்கூட அதனிடம் முழுமையாக இருந்தன. ஆனால் அடங்கிக் கிடந்தன.

இதற்குச் சென்னிமலைத் தறியை உவமை சொல்லலாம். பாவு நூல்கள் அனைத்தும் தறியில் இருக்கின்றன. எந்த ஊடிழைக்கு எந்தப் பாவு நூல் மேலே தூக்கப்பட வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டையின் துளைகள் தீர்மானிக்கின்றன. நூல் அதேதான், அட்டை மாறினால் பூவேலை மாறும். செல்லுக்குள் இருக்கும் அட்டை எது? 1961-இல் பிரான்சின் ஜேக்கப், மோனோ இருவரும் பாக்டீரியாவில் முதல் அட்டையைக் காட்டினர். சில ஜீன்களுக்கு உடலைக் கட்டும் வேலை இல்லை. வேறு ஜீன்களைத் திறப்பதும் மூடுவதுமே அவற்றின் வேலை. இவற்றை ஆளும் ஜீன்கள் என அழைப்போம். பாக்டீரியாவில் கண்டது சரி. பல செல்களாலான உடலில் இவ்வாட்சி எப்படி நடக்கிறது?

பிரென்னரின் தேர்வு

தென்னாப்பிரிக்காவில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சிட்னி பிரென்னர், இக்கேள்விக்கு ஏற்ற பிராணியை 1963 முதல் தேடினார். அவர் தேர்ந்தது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழு. 1900-இல் அல்ஜீரியாவில் வாழ்ந்த மோப்பா என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த புழு அது. எவருக்கும் நோய் தராதது. பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. மூன்று நாட்களில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்தை எட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவது. உயிரோடு வைத்தே உள்ளிருக்கும் செல்களை எண்ணலாம்.

1974-இல் பிரென்னர் தம் முதல் பெரிய கட்டுரையை வெளியிட்டார். ஏறத்தாழ நூறு ஜீன்களின் பிறழ்வுகள் அதில் இருந்தன. பல, நடக்கத் தெரியாத புழுக்கள். சில, உடல் குறுகித் தடித்த குட்டைப் புழுக்கள். சிலவற்றின் தோலில் கொப்புளம் எழுந்தது. குட்டைப் புழுக்கள் பலவற்றில் பழுதுபட்டிருந்தது சட்டைக்கு வேண்டிய கொல்லாஜன் என்ற புரதம் என்பது 1980-களில்தான் தெரிய வந்தது.

இந்தப் புழு இந்தியாவுக்கும் விரைவிலேயே வந்து சேர்ந்தது. பம்பாயில் ஒபெய்த் சித்திக்கி 1962-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கிய மூலக்கூற்று உயிரியல் பிரிவில் பி. பாபு இதை ஆராய்ந்தார். பிரென்னரின் கட்டுரை வெளிவந்த அதே 1974-இல் பாபுவின் கட்டுரையும் வெளியாயிற்று. 1980-இல் எஸ். எஸ். சித்திக்கியும் பாபுவும், ஒரே புழுவின் உடலில் சில செல்களில் ஒரு ஜீனும் வேறு செல்களில் அதன் பிறழ்வும் இருக்கும்படியான ‘கலவைப் புழுக்களை’ அடையாளங்காணும் வழியை ‘சயின்ஸ்’ இதழில் விளக்கினர். ஒரு ஜீன் எந்தச் செல்லுக்குள் நின்று வேலை செய்கிறது என்று அறிய இத்தகைய புழுக்கள் பெரிதும் பயன்பட்டன. போவெரியை வியக்க வைத்த இனச்செல்களைப் பற்றிய ஆய்வு, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கே. சுப்பிரமணியம் குழுவினரால் இதே புழுவில் நடத்தப்பட்டுள்ளது.

கேம்பிரிட்ஜில் பிரென்னருடன் இருந்த ஜான் சல்ஸ்டன் செய்த வேலையைப் பொறுமையின் சிகரம் எனலாம். முட்டையிலிருந்து வெளிவந்த புழுவில் எந்தச் செல் எப்போது பிளந்து என்னவாகிறது என்பதை அவரும் அமெரிக்கரான ராபர்ட் ஹார்விட்சும் 1977-இல் வெளியிட்டனர். பின்னர் முட்டைக்குள் நடப்பதையும் சல்ஸ்டன் கண்ணால் பார்த்தே வரைந்தார். ஒன்றரை ஆண்டுக் காலம், நாளொன்றுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். 1983-இல் வம்சாவளி நிறைவுற்றது. வளர்ந்த இருபால் புழுவின் உடலில் 959 செல் உட்கருக்கள். ஒவ்வொன்றுக்கும் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி இன்னதெனத் தெரிந்துவிட்டது. வேறு எந்தப் பிராணிக்கும் அதுவரை இப்படி ஒரு சாதகம் கணிக்கப்பட்டதில்லை.

சட்டையும் தையலும்

இனி இப்புழுவின் தோலைச் சற்று நின்று பார்ப்போம். வெளியே இருப்பது உயிரற்ற சட்டை. அதைச் சுரப்பது அடியிலுள்ள மேல்தோல் செல்கள். இவற்றுள் பெரும்பாலானவை தம்முன் இருந்த சுவர்களை இழந்து ஒன்றாகக் கலந்து, நூற்றுக்கு மேற்பட்ட உட்கருக்கள் கொண்ட ஒரே பெரும் போர்வையாக உடலைச் சுற்றியிருக்கின்றன. உடலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மட்டும் தலைமுதல் வால்வரை ஒரு வரிசைச் செல்கள் தனித்து நிற்கின்றன. சட்டையின் பக்கத் தையல்போல் இருப்பதால் இவற்றுக்குத் தையல் செல்கள் என்றே பெயர்.

முட்டையிலிருந்து வரும்போது பக்கத்துக்கு 10 தையல் செல்கள். ஒவ்வொரு பருவத்திலும் அவை பிளக்கின்றன. பிறக்கும் இரு சேய்களில் ஒன்று போர்வையோடு கலந்துவிடும். மற்றொன்று தையலாகவே நின்று அடுத்த பருவத்தில் மறுபடியும் பிளக்கும். இரண்டாம் பருவத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு: அவற்றில் சில, இரு சேய்களும் தையலாகவே நிற்கும்படி ஒரு முறை கூடுதலாகப் பிளக்க, எண்ணிக்கை 16 ஆகிறது. நான்காம் முறை சட்டை உரியும்போது பிளப்பது நின்று, தையல் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, புதிய சட்டையின் பக்கவாட்டில் மூன்று நீள வரப்புகளை எழுப்புகின்றன. இந்த வரப்பு, வளர்ந்த புழுவின் மீசை மாதிரி. அதைக் கண்டால் தோல் பருவமடைந்துவிட்டது என்று பொருள். இந்த மெல்லிய வரப்பின்மேல்தான் நம் கதை முழுவதும் நிற்கிறது.

‘நீ யார்?’ என்ற கேள்விக்கு விடை 1990-களில் வந்தது. 1994-இல் லபூஸ், சூக்கரியா, ஹார்விட்ஸ் ஆகியோர், மேல்தோல் செல் மேல்தோலாகவே நிலைக்க லின்-26 என்ற ஜீன் வேண்டும் என்று காட்டினர். 1997-இல் பேஜ், பிரீஸ் முதலியோர் இன்னும் மேலிடத்தில் இருக்கும் எல்ட்-1 என்ற ஜீனைப் பற்றி எழுதினர். அது பழுதான கருவில் மேல்தோல் உருவாகவே இல்லை. தோலாக வேண்டியிருந்த செல்கள் நரம்பாகவும் தசையாகவும் திசை மாறின. இதன் மறுபக்கச் சோதனையைக் கில்லியர்டும் மெக்கீயும் 2001-இல் வெளியிட்டனர். எல்ட்-1, அதற்கு அடுத்த படியில் வேலை செய்யும் எல்ட்-3 இவற்றில் ஒன்றை இளங்கரு முழுவதும் வலிந்து இயக்கியபோது, வேறு உறுப்பாக வேண்டிய செல்களும் தோலின் குணங்களைக் காட்டின.

எல்ட்-1 தரும் புரதம் டி.என்.ஏ.வில் ஜி-ஏ-டி-ஏ என்ற நான்கெழுத்துத் தொடரைத் தேடிப் பற்றுவது. இதே குடும்பத்துப் புரதம் நம் எலும்பு மச்சையில் சிவப்பணுக்கள் உருவாகத் துணை செய்கிறது என்பது 1989 முதல் அறியப்பட்டு வந்தது. புழுவில் தோல், நம்மில் இரத்தம்! அட்டை அச்சடிக்கும் பட்டறை ஒன்றே. எந்தத் தறியில் மாட்டுகிறார்கள் என்பதுதான் வேறு.

மீண்டும் மீண்டும் குழந்தை

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். எனக்கு இதுவே சுவையானதாகப் படுகிறது.

சால்ஃபி, ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவரும் 1981-இல் லின்-4 என்ற ஜீனின் பிறழ்வை விவரித்தனர். அப்புழு வளர்கிறது, ஆனால் அதன் செல்கள் முதற்பருவத்து வேலையையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. சட்டை நான்கு முறை உரிந்தும் நிற்காமல் மேலும் உரிகிறது. வரப்போ எழுவதே இல்லை. ஐந்தாம் வகுப்புக்கு வர வேண்டிய பையன் ஆண்டுதோறும் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பதுபோல் வைத்துக்கொள்ளலாம். உடம்பு மட்டும் வளர்ந்துவிட்டது.

அமெரிக்காவில் ஹார்விட்சின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்த விக்டர் ஆம்புரோஸ், 1984-இல் ஹார்விட்சுடன் சேர்ந்து மேலும் சில ஜீன்களை அறிவித்தார். அவற்றுள் லின்-14 வியப்பானது. அது செயலிழந்தால் புழு முதற்பருவத்து வேலையைத் தாண்டிக் குதித்து, ஒரு பருவம் முன்னதாகவே வரப்பை எழுப்புகிறது. அது அளவுக்கு மீறிச் செயல்பட்டாலோ, லின்-4 பழுதான புழுவைப் போல் என்றும் குழந்தையாகவே நிற்கிறது. லின்-28 பழுதானால் இரண்டாம் பருவம் விட்டுப்போகிறது. லின்-29 பழுதானால் தோல் பருவமடைவதே இல்லை. இந்த ஜீன்கள் எதுவும் தோலைத் தோலாக்குவன அல்ல. தோலுக்கு வயது சொல்வன.

1989-இல் இவற்றை ஆம்புரோஸ் ஒரு வரிசையாக அடுக்கினார். கடைசிப் படியில் லின்-29. அது இயங்கியதும் பிளப்பு நின்று, வளர்ந்த சட்டை நெய்யப்படுகிறது. முந்தைய படிகளில் உள்ளவை, அது முன்கூட்டியே இயங்கிவிடாமல் தடுத்து வைக்கின்றன. அதே ஆண்டு, ஹார்விட்சிடம் பயின்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தனிக்கூடம் அமைத்த கேரி ரவ்கனும் ஜியூஸ்டோவும் லின்-14 புரதத்தை உட்கருக்களில் கண்டனர். முதற்பருவத்தில் அது நிறைய இருந்தது, பிறகு வற்றிவிட்டது. பழங்காலத்து நாழிகை வட்டிலில் நீர்மட்டத்தைப் பார்த்துப் பொழுது அறிந்ததுபோல், செல் இப்புரதத்தின் மட்டத்தைக் கொண்டு தன் வயதை அறிகிறது. மட்டம் குறையாவிட்டால் செல்லுக்கு என்றும் முதற்பருவமே.

அப்படியானால் வட்டிலிலிருந்து நீரை இறக்குவது எது? லின்-4 என்பது பிறழ்வுகளிலிருந்தே தெளிவாயிற்று. லின்-4 ஏதோ ஒரு புரதத்தைத் தரும், அது லின்-14-ஐ மூடும் என்றே எவரும் எண்ணியிருப்பார்கள்.

ஆம்புரோசின் கூடத்தில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபெயின்பாமும் லின்-4 இருக்கும் டி.என்.ஏ. துண்டைச் சிறிது சிறிதாக நறுக்கி, எது பழுதுபட்ட புழுவைக் குணப்படுத்துகிறது என்று பார்த்து வந்தனர். ஏறத்தாழ 700 எழுத்துகளே கொண்ட துண்டும் குணப்படுத்தியது. அதில் புரதத்துக்குரிய வாசகம் ஏதும் இல்லை. முடிவில் அவர்கள் கையில் எஞ்சியது 22 எழுத்துகள் கொண்ட ஒரு குட்டி ஆர்.என்.ஏ. அவ்வளவு சிறிய ஒன்று ஜீனின் விளைபொருளாக இருக்கலாம் என்று அப்போது எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. ஏதோ சிதைந்த துணுக்கு என்று வேறொருவர் தள்ளியிருக்கக்கூடும்.

ரவ்கன் கூடத்தில் வைட்மனும் ஹாவும் மறுமுனையிலிருந்து தோண்டி வந்தனர். லின்-14 அளவுக்கு மீறிச் செயல்படும் புழுக்களில் அதன் புரத வாசகம் கெடவில்லை. ஜீனிலிருந்து புரதம் செய்யக் கட்டளை கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதிதான் அறுந்திருந்தது. இரு கூடத்தாரும் தம்மிடமிருந்த எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது விடை கண்முன் நின்றது. லின்-4 தரும் குட்டி ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள், லின்-14 தூதுவின் வாலில் ஏழு இடங்களில் ஏறத்தாழப் பொருந்தி ஒட்டக்கூடியவை! ஒட்டியதும் கட்டளை ஓலை படிக்கப்படாமல் போகிறது, புரதம் வற்றுகிறது, தோலுக்கு ஒரு வயது கூடுகிறது. 1993 டிசம்பரில் ‘செல்’ இதழில் இரு கட்டுரைகளும் அடுத்தடுத்து வெளியாயின.

இதற்குள் ஆம்புரோஸ், ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாமல் டார்ட்மத் கல்லூரிக்குச் சென்றிருந்தார். கட்டுரைகளைப் படித்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் ‘ஒரு புழுவின் விந்தை’ என்று ஒதுக்கி வைத்தார்கள். வேறு பிராணி எதிலும் லின்-4 போன்றது அப்போது தென்படவில்லை. ஏழு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

2000-ஆம் ஆண்டில் ரவ்கன் கூடத்தார் இரண்டாவது குட்டி ஆர்.என்.ஏ.வைக் கண்டனர். அது லெட்-7. லின்-4 குழந்தைப் பருவத்தை முடித்து வைப்பது. லெட்-7 கடைசிப் பருவத்தை முடித்து வைப்பது. லெட்-7 இல்லாத புழுவில் தையல் செல்கள் உரிய காலத்தில் பிளப்பதை நிறுத்துவதில்லை; வரப்பும் எழுவதில்லை; புழு உடல் வெடித்து மடிகிறது. பாஸ்குனெல்லி முதலியோர் இந்த எழுத்துத் தொடரை மற்றப் பிராணிகளில் தேடினர். ஈயிலும் மீனிலும் கடல் முள்ளெலியிலும் மனிதனிலும் அது இருந்தது. புழுவின் தோலுக்கு வயது சொல்லும் அதே சொல், எழுத்துக்கு எழுத்து மாறாமல் நம் செல்களிலும் ஒலிக்கிறது! அதன்பின் ‘புழுவின் விந்தை’ என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. 2001-இல் இவ்வகைக் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் பல ஒரே சமயத்தில் வெளிப்பட்டு, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பெயரும் பெற்றன. மனிதனில் இன்று அறியப்பட்டவை பல நூறு. 2024-இல் ஆம்புரோசும் ரவ்கனும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1993 கட்டுரையின் முதற்பெயர் ரோசலிண்ட் லீயினுடையது என்பதையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிளப்பதை நிறுத்தத் தெரியாத செல் என்றதும் வாசகர்களுக்குப் புற்றுநோய் நினைவுக்கு வந்திருக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல், நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளில் லெட்-7 குறைந்திருப்பதையும், மிகக் குறைந்த நோயாளிகள் அறுவைக்குப் பின் குறைந்த காலமே வாழ்ந்ததையும் எடுத்துக் காட்டினர். லின்-28 வேறொரு விதத்தில் புகழ் பெற்றது. 2007-இல் அமெரிக்காவில் தாம்சன் குழுவினர், பிறந்த குழந்தையின் தோலிலிருந்து எடுத்த செல்களை மீண்டும் கருநிலைச் செல்போல் ஆக்க நான்கு ஜீன்களைச் செலுத்தினர். அந்நான்கில் ஒன்று லின்-28. புழுவின் தோலை இளமையிலேயே வைத்திருந்த ஜீன், மனிதச் செல்லை இளமைக்குத் திருப்பவும் உதவியது. லின்-28 புரதம் லெட்-7 முதிர்வதையே தடுத்து வைக்கிறது என்பதை ஸ்ரீனிவாஸ் விஸ்வநாதன், டேலி, கிரெகரி ஆகியோர் அடுத்த ஆண்டு கண்டறிந்தனர்.

அந்த மூன்று வரப்புகளும் மறக்கப்பட்டுவிடவில்லை. தையல் செல்லின் உள்ளே இருக்கும் இழைகளின் ஒழுங்கு, இடையில் தோன்றி மறையும் ஒரு தற்காலிகப் படலத்தின் வழியாகச் சட்டையின் மேல் வரப்பாகப் பதிகிறது என்பதை அமெரிக்காவில் மீரா சுந்தரம், அலிசன் ஃபிராண்ட் குழுவினர் 2022-இல் விளக்கினர். ஆளும் ஜீன் ‘வரப்பை எழுப்பு’ என்கிறது. எழுப்பும் கொத்தனார் வேலையை இப்படிச் செய்கிறார்.

மஞ்சள் வயலில்

இந்தக் கடிகாரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. நம் வட்டாரத்து விவசாயிக்கு அது அயலானது அன்று. முட்டையிலிருந்து வெளிவந்த எலிகன்ஸ் புழுவுக்கு உணவு கிடைக்காவிட்டால் அது வளர்வதில்லை. தையல் செல்கள் பிளப்பதில்லை. முதற்பருவத்திலேயே வாரக்கணக்கில் காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கையில் பட்டினியை உணரும் ஒரு ஜீன் லின்-4-ஐ அடக்கி வைக்கிறது என்று 2006-இல் பாகும் ஸ்டெர்ன்பர்க்கும் கண்டனர். கடிகாரத்தில் முள் நகர்வதில்லை. உணவு வாயில் பட்டபின்தான் வயது ஓடத் தொடங்குகிறது.

நூற்புழுக்கள் தென்னகத்துக்குப் புதியவை அல்ல. 1901-இல், அப்போது சென்னை அரசின் தாவரவியலாராக இருந்த சி. ஏ. பார்பர், நீலகிரி மாவட்டம் தேவாலாவில் தேயிலை வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் நூற்புழுவை விவரித்தார். இந்தியாவில் இவ்வினத்தைப் பற்றிய முதற்குறிப்பு அதுவே. பிற்காலத்தில் கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்குத் தலைமை தாங்கிய அதே பார்பர்தான் இவர். 1961-இல் நீலகிரி உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழுவை ஜோன்ஸ் என்பவர் கண்டார். ஈரோட்டு மஞ்சளுக்கு வரும் தொல்லை தேயிலைக்கு வந்ததைப் போன்ற வேர்முடிச்சு நூற்புழுவால். செடி வெளிறிக் குன்றும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு சிறு முடிச்சுகள் திரண்டிருக்கும்.

வேர்முடிச்சுப் புழு முதற்சட்டையை முட்டைக்குள்ளேயே உரித்துவிட்டு, இரண்டாம் பருவத்தில் மண்ணுக்குள் வருகிறது. அங்கே அது தின்பதில்லை. அடுத்த சட்டையை உரிப்பதும் இல்லை. உடலில் சேர்ந்துள்ள கொழுப்பைச் செலவழித்தபடி வேரைத் தேடி ஊர்கிறது. வேருக்குள் புகுந்து ஓரிடத்தில் நிலையாகத் தங்கித் தின்ற பிறகே உடல் பருத்து, மிச்சமுள்ள மூன்று சட்டைகளையும் உரிக்கிறது. பெண் புழு பேரிக்காய் வடிவில் வீங்கி, நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. எனவே மஞ்சள் வெட்டிய நிலத்தில் மறுபடியும் மஞ்சளே வைத்தால், காத்திருந்த புழுவுக்கு நாமே விருந்து வைத்ததாகும். புழுவுக்கு ஏற்காத பயிரை மாற்றி வைப்பதும், கோடை உழவில் மண்ணைப் புரட்டி வெயிலில் காய விடுவதும், செண்டுமல்லியை ஊடே நடுவதும் அதன் காத்திருப்பை வீணாக்கும் வழிகள். வேர் கிடைக்காமல் கொழுப்புத் தீர்ந்த புழு, இரண்டாம் பருவத்துச் சட்டையோடே மண்ணில் மடிந்துபோகிறது.